அட்ரியானோபிள், கி.பி. 378: ரோமப் படை ஏன் தோற்றது?

கி.பி. 378 ஆகஸ்ட் 9 அன்று, இன்றைய துருக்கியில் உள்ள எடிர்னே நகருக்கு வெளியே, கிழக்கு ரோமப் பேரரசின் முதன்மைப் படை ஒரே பிற்பகலில் அழிந்தது. அந்த நகருக்கு அப்போது அட்ரியானோபிள் என்று பெயர். எதிரே நின்றவர்கள் கோத்துகள் என்ற ஜெர்மானிய இனத்தவர். பேரரசர் வேலன்ஸ் அந்தப் போரில் இறந்தார், அவருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை. படையில் மூன்றில் ஒரு பங்குதான் தப்பியது என்று எழுதுகிறார் அம்மியானஸ் மார்செலினஸ். அவர் அதே காலத்தில் வாழ்ந்தவர், முன்னாள் ராணுவ அதிகாரி. கி.மு. 216-ல் கார்த்தேஜ் தளபதி ஹானிபலிடம் கன்னேயில் பட்ட அடிக்குப் பிறகு ரோமுக்கு இப்படியோர் அழிவு வந்ததில்லை என்பது அவர் கணிப்பு.

இந்தத் தோல்விக்குப் பல காலமாகச் சொல்லப்பட்டுவந்த காரணம் ஒன்று உண்டு. கோத்துகளின் கனரகக் குதிரைப்படை ரோமின் காலாட்படையை மிதித்துத் தள்ளியது, அன்றோடு காலாள் யுகம் முடிந்து குதிரைவீரர் யுகம் பிறந்தது என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் நிற்காது. கோத்துப் படையிலும் பெரும்பாலானோர் நடந்து போரிட்டவர்கள்தான். சேணத்தில் காலூன்றி ஈட்டியால் பாய்வதற்கு வேண்டிய அங்கவடி ஐரோப்பாவுக்கு வந்துசேர இன்னும் இருநூறு ஆண்டுகளாவது பாக்கி இருந்தது. அட்ரியானோபிளுக்குப் பிறகும் பல தலைமுறைகளுக்கு ரோமப் படைக்கு முதுகெலும்பு காலாட்படையாகவே இருந்தது.

ரோமப் படையில் அந்நியர்கள் நிறைந்துவிட்டார்கள், அதனால் விசுவாசம் குறைந்துவிட்டது என்று சொல்பவர்களும் உண்டு. அன்றைய தளபதிகளைப் பார்த்தால் இதுவும் பொருந்தவில்லை. அவசரப்படாதீர்கள் என்று பேரரசரிடம் மன்றாடிய விக்டர் சர்மேஷிய இனத்தவர். சாகத் துணிந்து எதிரியின் முகாமுக்குப் பிணையாளாகப் போகிறேன் என்று முன்வந்த ரிக்கோமெரெஸ் ஒரு ஃபிராங்க். பொறுப்போடு நடந்துகொண்டவர்களில் இந்த இருவருமே ரோமுக்கு வெளியே வேர் உள்ளவர்கள்.

படை மோசமானதும் இல்லை. வேலன்ஸ் திரட்டிவந்ததில் பழகிய போர்வீரர்கள் ஏராளம், ஓய்வு பெற்ற அதிகாரிகளையும் திரும்ப அழைத்திருந்தார். அப்படியானால் எங்கே தவறியது? இரண்டு இடங்களில் என்று நினைக்கிறேன். ஒன்று, இரண்டு ஆண்டுகளுக்கு முன் டான்யூப் ஆற்றங்கரையில் அகதிகளை நடத்திய விதம். இன்னொன்று, போரிடுவதா பேசுவதா என்ற முடிவே இல்லாமல் அந்தப் பிற்பகலில் படையை எதிரியின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது. இரண்டையும் இணைக்கும் கண்ணி ஒன்று இருக்கிறது, அது பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை.

376-ல் கிழக்கிலிருந்து வந்த ஹூணர்களின் நெருக்குதல் தாங்காமல் கோத்து இனத்தவர் டான்யூபின் வடகரையில் வந்து குவிந்தார்கள். அவர்களில் இரண்டு பெரும் பிரிவுகள். தெர்விங்கிகள் எனப்பட்டவர்களுக்கு ஃபிரிட்டிகெர்ன், அலாவிவஸ் இருவரும் தலைவர்கள். குரூத்துங்கிகளுக்கு அலாத்தியஸ், சாஃபிராக்ஸ் என்ற இருவர், இவர்கள் வயதில் சிறிய ஓர் அரசனின் பெயரில் நடத்திவந்தார்கள். எல்லோருமே பேரரசுக்குள் இடம் கேட்டார்கள். வேலன்ஸ் அப்போது பாரசீகத்தோடு ஆர்மீனியா விஷயமாக மோதிக்கொண்டு சிரியாவின் அந்தியோக்கியாவில் இருந்தார். படைக்கு ஆள் கிடைக்கும், அதற்குப் பதில் மாகாணங்களிடமிருந்து பொன்னாக வாங்கிக்கொள்ளலாம் என்ற கணக்கில் தெர்விங்கிகளுக்கு மட்டும் அனுமதி கொடுத்தார். குரூத்துங்கிகளுக்கு மறுத்துவிட்டார்.

திட்டம் என்ற அளவில் இதில் பிழை சொல்ல முடியாது. ரோம் அதற்கு முன்பும் வெளியாரைக் குடியேற்றியிருக்கிறது. ஆனால் அப்போதெல்லாம் குடியேற்றுவதற்கு முன் ரோமப் படை அங்கே பலமாக நிற்கும், வந்தவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்துப் பல இடங்களுக்கு அனுப்பிவிடுவார்கள். இந்த முறை படையின் பெரும்பகுதி பாரசீக எல்லையில் கிடந்தது. வந்தவர்களோ தங்கள் தலைவர்களோடு, குலத்தோடு, கூட்டம் கலையாமல் கரையேறினார்கள். மழையால் பெருகி ஓடிய ஆற்றைப் படகிலும் கட்டுமரத்திலும் குடைந்த மரத்தண்டிலும் இரவு பகலாகக் கடந்தார்கள். எண்ணக் கிளம்பிய அதிகாரிகள் எண்ண முடியாமல் விட்டுவிட்டார்கள்.

அப்புறம் நடந்தது வெட்கக்கேடு. திரேஸ் பகுதிக்குப் பொறுப்பாக இருந்த லூப்பிசினஸ், அவரோடு மாக்சிமஸ் என்ற எல்லைத் தளபதி, இருவரும் அகதிகளின் பசியைக் காசாக்கினார்கள். நாய்களைப் பிடித்துவந்து, ஒரு நாய்க்கு ஓர் ஆளை அடிமையாகக் கொடு என்று வியாபாரம் செய்தார்கள். தலைவர்களின் பிள்ளைகளும் அப்படிக் கொண்டுபோகப்பட்டார்கள் என்று அம்மியானஸ் பதிவுசெய்கிறார். நாய்க்கறிக்காகத் தன் மகனை விற்ற தகப்பன் அந்தக் கணக்கை மறந்திருப்பான் என்று எப்படி எதிர்பார்க்க முடியும்?

கோபம் கொதிப்பதைப் பார்த்துப் பயந்த லூப்பிசினஸ், தெர்விங்கிகளை உள்ளே மார்சியானோபிள் நகரின் பக்கம் நகர்த்த முடிவுசெய்தார். இன்றைய பல்கேரியாவில் வர்னாவுக்கு அருகே உள்ளது அந்த ஊர். அவ்வளவு பேரை நகர்த்தக் காவலுக்கு ஆள் வேண்டும். ஆற்றைக் காத்துநின்ற வீரர்களையே எடுத்து அதற்குப் போட்டார். ஆற்றில் ரோந்துப் படகுகள் இல்லாததைப் பார்த்த குரூத்துங்கிகள், மறுக்கப்பட்ட அந்த மக்கள், அவசரமாகக் கட்டிய தெப்பங்களில் தாங்களாகவே இக்கரைக்கு வந்துவிட்டார்கள். ஃபிரிட்டிகெர்ன் இதைத் தெரிந்துகொண்டு அவர்களோடு சேர்வதற்காக வேண்டுமென்றே மெதுவாக நடந்தார்.

இரண்டு ஆண்டு கழித்து அட்ரியானோபிள் களத்தில் இடிபோல வந்து இறங்கிய குதிரைப்படைக்குத் தலைமை தாங்கியவர்கள் இதே அலாத்தியஸும் சாஃபிராக்ஸும்தான். தெர்விங்கிகளுக்கு ஒழுங்காகச் சோறு போட்டிருந்தால் அவர்களை அடக்கக் காவல் தேவைப்பட்டிருக்காது. ஆறு காவலின்றிக் கிடந்திருக்காது. நான் சொன்ன கண்ணி இதுதான்.

மார்சியானோபிளில் கோத்துத் தலைவர்களுக்கு லூப்பிசினஸ் விருந்து வைத்தார். வெளியே, உணவு வாங்க ஊருக்குள் விடாததால் கோத்துகளுக்கும் வீரர்களுக்கும் கைகலப்பு. செய்தி வந்ததும் தலைவர்களின் மெய்க்காவலர்களைக் கொல்லச் சொன்னார் லூப்பிசினஸ். நான் வெளியே போய் என் மக்களை அமைதிப்படுத்துகிறேன் என்று சொல்லி ஃபிரிட்டிகெர்ன் தப்பிவிட்டார். அலாவிவஸின் பெயர் அதற்குப் பிறகு எங்குமே வரவில்லை. லூப்பிசினஸ் படையோடு துரத்திப்போய்த் தோற்றார், செத்த ரோம வீரர்களின் ஆயுதம் கோத்துகளின் கைக்குப் போனது.

அதே காலத்தில் அட்ரியானோபிளிலும் ஒரு முட்டாள்தனம் நடந்தது. ரோமின் சேவையில் ஏற்கனவே இருந்த ஒரு கோத்துப் பிரிவு, சூவெரிதாஸ், கோலியாஸ் என்பவர்களின் கீழ், அங்கே குளிர்காலம் கழித்துக்கொண்டிருந்தது. ஹெல்லஸ்பாண்ட் நீரிணையைக் கடந்து கிழக்கே போகச் சொல்லி உத்தரவு வந்தது. வழிச்செலவும் சாப்பாடும் இரண்டு நாள் அவகாசமும் கேட்டார்கள். ஊர் நிர்வாகி, தன் தோட்ட வீட்டை அவர்கள் சூறையாடிய கோபத்தில், ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளர்களையும் ஊர் மக்களையும் திரட்டி அவர்கள்மேல் ஏவினார். அதுவரை ரோமுக்கு விசுவாசமாக இருந்த அந்தப் பிரிவும் ஃபிரிட்டிகெர்னோடு போய்ச் சேர்ந்தது. திரேஸின் அடிமைகளும், வரிச்சுமை தாங்காத தங்கச் சுரங்கத் தொழிலாளர்களும் சேர்ந்தார்கள். எங்கே தானியம் இருக்கிறது, எந்த வழியில் போகலாம் என்று காட்டிக்கொடுத்தவர்கள் இவர்கள்தான்.

377 முழுவதும் இழுபறி. வில்லோ மரங்கள் என்று பெயர் கொண்ட இடத்தில் நடந்த பெரிய சண்டையில் இருபக்கமும் நிறையப் பேர் மாண்டார்கள், முடிவு வரவில்லை. பிறகு ஹேமஸ் மலைக் கணவாய்களை அடைத்துக் கோத்துகளைப் பட்டினி போட்டுப் பணியவைக்கும் வழியை ரோமர்கள் பிடித்தார்கள். அது பலித்தும் வந்தது. ஆனால் கோத்துகள் ஹூணர், ஆலன் குதிரைவீரர்களைக் கொள்ளையில் பங்கு தருவதாகச் சொல்லிக் கூட்டாக்கிக்கொண்டார்கள். வளைக்கப்படும் ஆபத்தைப் பார்த்த தளபதி சாட்டர்னினஸ் கணவாய்களை விட்டுப் பின்வாங்க வேண்டியதாயிற்று.

378-ல் வேலன்ஸ் ஒருவழியாகப் பாரசீகத்தோடு தற்காலிகமாக ஒத்துப்போய் மேற்கே வந்தார். மே 30 அன்று கான்ஸ்டான்டிநோபிளில் நுழைந்தபோது மக்கள் வரவேற்கவில்லை. எதிரி வாசலில் நிற்கிறான், நீ எங்கே போயிருந்தாய் என்ற கணக்கில் பந்தயத் திடலில் கத்தினார்கள். எங்களிடம் ஆயுதம் கொடு, நாங்களே போய்ச் சண்டை போடுகிறோம் என்றும் கூவினார்களாம். சில நாளிலேயே அவர் நகரை விட்டு வெளியேறி முகாமுக்குப் போய்விட்டார்.

மேற்குப் பேரரசர் கிரேஷியன் வேலன்ஸின் அண்ணன் மகன், வயது 19. உதவிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். ஆனால் படை கிழக்கே போகப்போகிறது என்று விடுப்பில் ஊருக்குப் போன ஒரு வீரன் வாய்விட்டுவிட, அலமானிகள் என்ற ஜெர்மானிய இனத்தவர் ரைன் ஆற்றைக் கடந்து தாக்கினார்கள். கிரேஷியன் அவர்களைத் தோற்கடித்துவிட்டுத்தான் புறப்பட முடிந்தது. வேலன்ஸின் தளபதி செபாஸ்டியானஸ் பொறுக்கி எடுத்த சிறு படையோடு இரவில் ஒரு கோத்துக் கொள்ளைக் கூட்டத்தை ஹெப்ரஸ் ஆற்றருகே அழித்திருந்தார். இந்த இரண்டு வெற்றிகளையும் கேட்டு வேலன்ஸுக்குப் பொறாமை, தானும் ஒரு வெற்றி காட்ட வேண்டும் என்ற துடிப்பு என்று அம்மியானஸ் சொல்கிறார்.

பொறாமை இருந்திருக்கும், மறுக்கவில்லை. அதை மட்டும் சொல்லி முடிப்பது வேலன்ஸுக்கு நியாயமாகாது. கோத்துகள் நைக்கே என்ற நிலையத்தை நோக்கி நகர்ந்தார்கள், அது தலைநகருக்கும் அட்ரியானோபிளுக்கும் இடையே உள்ள சாலையில் இருந்தது. அந்தச் சாலை போனால் உணவு வரத்தும் போகும். வேவு பார்த்துத் திரும்பியவர்கள் எதிரிகள் பத்தாயிரம் பேர்தான் என்று சொன்னார்கள். வேலன்ஸின் படை எவ்வளவு என்பதில் இன்றைய ஆய்வாளர்களிடையே 15,000 முதல் 30,000-க்கு மேல் வரை வேறுபாடு உண்டு. எப்படியானாலும் பத்தாயிரம் பேரைச் சந்திக்கத் தயங்க வேண்டியதில்லை. அந்த எண்ணிக்கைதான் தப்பு. மேய்ச்சலுக்கும் தீவனத்துக்கும் போயிருந்த குதிரைவீரர்கள் அதில் இல்லை.

ரிக்கோமெரெஸ் கிரேஷியனின் கடிதத்தோடு வந்து சேர்ந்தார்: கொஞ்சம் பொறுங்கள், வந்துகொண்டிருக்கிறேன். ஆலோசனைக் கூட்டத்தில் விக்டர் காத்திருக்கச் சொன்னார். செபாஸ்டியானஸ் உடனே அடிக்கச் சொன்னார். வெற்றியைக் கிரேஷியனோடு ஏன் பங்குபோட வேண்டும் என்று அரண்மனைக்காரர்கள் ஓதினார்கள். வேலன்ஸ் இரண்டாவது பக்கம் சாய்ந்தார்.

ஆகஸ்ட் 8 அன்று ஃபிரிட்டிகெர்னிடமிருந்து ஒரு கிறிஸ்தவப் பாதிரியார் தூதராக வந்தார். திரேஸையும் அதன் கால்நடைகளையும் விளைச்சலையும் எங்களுக்குக் குடியிருக்கக் கொடுங்கள், நிரந்தர சமாதானம் தருகிறோம் என்பது வெளிப்படையான செய்தி. கூடவே ஓர் அந்தரங்கக் கடிதமும் இருந்தது. என் மக்களின் சூட்டைத் தணிக்க எனக்கு ஓர் ஆதாரம் வேண்டும், உங்கள் படையை அவ்வப்போது அருகே கொண்டுவந்து காட்டுங்கள், பேரரசரின் பெயரைக் கேட்டால் அடங்குவார்கள் என்று அதில் எழுதியிருந்தார். அம்மியானஸ் இதைத் தந்திரம் என்கிறார். எனக்கு அவ்வளவு உறுதியாகத் தோன்றவில்லை. பெண்களும் குழந்தைகளும் வண்டிகளுமாகச் சுமந்து திரியும் ஒரு தலைவனுக்கு, கிரேஷியனும் வந்து சேருமுன் ஒரு நல்ல ஒப்பந்தம் கிடைத்தால் அது லாபம்தான். எதுவாக இருந்தாலும் தூதர் வெறுங்கையோடு திரும்பினார். ஆனால் பேசலாம் என்ற எண்ணம் ரோமர் தரப்பிலும் முற்றிலும் போய்விடவில்லை. மறுநாள் அதுதான் வினையாக முடிந்தது.

ஆகஸ்ட் 9 விடிந்ததும் மூட்டைமுடிச்சுகளை நகர மதிலருகே காவலோடு விட்டுவிட்டு, கருவூலத்தையும் அரச சின்னங்களையும் கோட்டைக்குள் வைத்துவிட்டுப் படை கிளம்பியது. கரடுமுரடான வழி, ஆகஸ்ட் வெயில். கோத்துகளின் வண்டிகள் கண்ணில் பட்டபோது பிற்பகல் இரண்டு மணி இருக்கும். வண்டிகளைக் கடைசல் பிடித்ததுபோல் சரியான வட்டமாக நிறுத்தியிருந்தார்கள். ஏழெட்டு மணி நேரம் கவசத்தோடு நடந்தவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை, சாப்பாடும் இல்லை. கோத்துகள் காய்ந்த புல்லுக்கும் விறகுக்கும் தீ வைத்தார்கள். புகையும் அனலும் ரோமர்களின் முகத்தில் அடித்தன.

படை வந்து சேர்ந்த வரிசையும் சரியில்லை. வலப்பக்கக் குதிரைப்படை முதலில் வந்து நின்றது, காலாட்படையில் பெரும்பகுதி அதன் பின்னால். இடப்பக்கக் குதிரைப்படை இன்னும் சாலைகளில் சிதறி, திணறிக்கொண்டு வந்துகொண்டிருந்தது. இந்த நிலையில் ஒரு தளபதி செய்யக்கூடியவை இரண்டு. படை முழுவதும் வரிசைப்பட்டு, தண்ணீர் குடித்து மூச்சுவிடும்வரை சண்டையைத் தள்ளிப்போடலாம். அல்லது எதிரியின் குதிரைகள் வருவதற்குள் இருக்கும் பலத்தோடு முழுமூச்சாக அடிக்கலாம். வேலன்ஸ் இரண்டையும் செய்யவில்லை. வெயிலில் வீரர்களை நிறுத்திவைத்துக்கொண்டே பேச்சுவார்த்தையில் இறங்கினார்.

கோத்துத் தூதர்கள் வந்தார்கள். தாழ்ந்த நிலை ஆட்கள், பெரியவர்களை அனுப்புங்கள் என்று திருப்பி அனுப்பினார் வேலன்ஸ். நேரம் போனது. பிறகு ஃபிரிட்டிகெர்ன் ஓர் ஆளை அனுப்பி, உயர்குடி ஒருவரைப் பிணையாக அனுப்பினால் நானே வந்து பேசுகிறேன் என்றார். வேலன்ஸின் உறவினரும் அரண்மனை அதிகாரியுமான எக்விட்டியஸைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் முடியாது என்றார். முன்பு டிபால்ட்டம் என்ற ஊர் அருகே கோத்துகளிடம் சிறைப்பட்டுத் தப்பி வந்தவர் அவர், திரும்பக் கையில் கிடைத்தால் விடமாட்டார்கள் என்ற பயம். ரிக்கோமெரெஸ் நான் போகிறேன் என்று எழுந்தார். இந்தப் பேச்சு நீள நீள லாபம் ஒரு பக்கத்துக்குத்தான். குரூத்துங்கிக் குதிரைகள் வந்துகொண்டிருந்தன, ரோம வீரர்களின் நாக்கு வறண்டுகொண்டிருந்தது.

ரிக்கோமெரெஸ் எதிரியின் அரணை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும்போதே உத்தரவில்லாமல் சண்டை தொடங்கிவிட்டது. பக்கூரியஸும் காசியோவும் நடத்திய வில்லாளிகளும் கேடயப் படைக் குதிரைவீரர்களும் ஆர்வமிகுதியில் முன்னேறி எதிரியோடு உரசினார்கள், வந்த வேகத்திலேயே பின்வாங்கினார்கள். ரிக்கோமெரெஸின் பயணம் அங்கேயே நின்றது. சரியாக அந்த நேரத்தில் அலாத்தியஸ், சாஃபிராக்ஸின் குதிரைகள் ஆலன்களையும் சேர்த்துக்கொண்டு மலைப்பக்கமிருந்து இறங்கின.

இடப்பக்க ரோமர்கள் வண்டிகள்வரை போய்விட்டார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். துணைக்கு ஆள் வந்திருந்தால் இன்னும் உள்ளே போயிருப்பார்கள் என்று அம்மியானஸே சொல்கிறார். மீதிக் குதிரைப்படை வரவில்லை. தனியே மாட்டிய அந்தப் பக்கம், அணை உடைந்ததுபோல வந்த கூட்டத்தின் கீழ் நசுங்கியது. குதிரைப்படை போனதும் காலாட்படையின் பக்கவாட்டு திறந்துகிடந்தது. சுற்றிலுமிருந்து அழுத்தியதில் வீரர்கள் நெருக்கியடித்து நின்றார்கள். உறையிலிருந்து வாளை உருவவோ, கையைப் பின்னுக்கு இழுக்கவோ இடமில்லை. மேலே புழுதி வானத்தை மறைத்தது, வரும் அம்பு கண்ணுக்குத் தெரியவில்லை. விலக இடமில்லாததால் எறிந்ததெல்லாம் ஒருவர்மேல் பட்டது. ஈட்டிகள் முறிந்த பிறகும் வாளோடு எதிரிக் கூட்டத்துக்குள் பாய்ந்தவர்கள் இருந்தார்கள். கோழைகள் தோற்ற போர் இல்லை இது.

வேலன்ஸ் லான்சியாரி, மாட்டியாரி என்ற இரண்டு பிரிவுகளிடம் ஒதுங்கினார். அவை அசையாமல் நின்றன. பேரரசரைக் காப்பாற்ற உதவிப்படையை அழையுங்கள் என்று தளபதி டிராஜானஸ் கத்தினார். பின்னால் இருப்பாக நிறுத்தியிருந்த பட்டாவியப் பிரிவைக் கூட்டிவர விக்டர் ஓடினார். அங்கே ஒருவரும் இல்லை. இக்கட்டு வரும்போது இறக்குவதற்கென்று வைத்த படை, இக்கட்டு வந்தபோது களத்திலேயே இல்லை. விக்டர் அப்படியே வெளியேறிவிட்டார், ரிக்கோமெரெஸும் சாட்டர்னினஸும் தப்பினார்கள்.

நிலவில்லாத இரவு வந்துதான் கொலை நின்றது. வேலன்ஸ் அம்பு பட்டு சாதாரண வீரர்களிடையே விழுந்தார் என்று ஒரு பேச்சு. காயத்தோடு ஒரு பண்ணை வீட்டுக்குத் தூக்கிப்போனார்கள், உள்ளே யார் இருக்கிறார் என்று தெரியாமலே கோத்துகள் அதற்குத் தீ வைத்தார்கள், சன்னல் வழியே குதித்த ஒரே ஒருவன் பிறகு சொன்னான் என்பது இன்னொன்று. டிராஜானஸ், செபாஸ்டியானஸ், எக்விட்டியஸ், அவர்களோடு 35 படைப்பிரிவு அதிகாரிகள் மாண்டார்கள். பயிற்சி தந்து ஒரு படையை நடத்தத் தெரிந்த இந்த அளவு ஆட்களை அடுத்த ஆண்டே உருவாக்கிவிட முடியாது.

வென்ற கோத்துகள் மறுநாளே அட்ரியானோபிளைத் தாக்கினார்கள், கருவூலம் அங்கே இருப்பது தெரியும். மதிலைத் தாண்ட முடியவில்லை. மதில்களோடு எனக்குச் சண்டை இல்லை என்று முன்பொருமுறை சொன்ன ஃபிரிட்டிகெர்னின் பேச்சை அவர்கள் இப்போது கேட்கவில்லை. கான்ஸ்டான்டிநோபிள்வரை போய், அதையும் பிடிக்க முடியாமல் திரும்பினார்கள்.

379 ஜனவரி 19 அன்று கிழக்கின் பேரரசரான தியோடோசியஸுக்கு முதல் வேலை ஆள் சேர்ப்பது. கட்டாயச் சேர்ப்புக்குப் பயந்து கட்டைவிரலை வெட்டிக்கொண்டவர்கள் இருந்தார்கள். அப்படி ஊனமான இருவரை ஒரு முழு ஆளுக்குச் சமமாக ஏற்றுக்கொள்ளலாம் என்று 381-ல் சட்டமே போட்டார்கள். புதுப்படையோடு சண்டையிட்டும் கோத்துகளை ஆற்றுக்கு அப்பால் தள்ள முடியவில்லை. 382 அக்டோபர் 3 அன்று ஒப்பந்தம் ஆனது, பேசி முடித்தவர் அட்ரியானோபிளில் தப்பிய அதே சாட்டர்னினஸ். டான்யூபின் தென்கரையில் நிலம் கொடுத்தார்கள். கோத்துகள் கூட்டமாகவே வாழ்வது, தேவைப்படும்போது ரோமுக்காகப் போரிடுவது என்று ஏற்பாடு. ஃபிரிட்டிகெர்ன், அலாத்தியஸ், சாஃபிராக்ஸ் மூவரின் பெயரும் அதற்குள் பதிவுகளிலிருந்து மறைந்துவிட்டன. போருக்கு முந்தின நாள் பாதிரியார் கொண்டுவந்த கோரிக்கையில் கணிசமான பகுதி அந்த ஒப்பந்தத்தில் இருந்தது.